பில்லையோடு ஆளும் வரணும்

கயல், முகில், போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா வீட்டிலேயே ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் செய்து விற்கலாமா என்று கேட்டாள். உடனே நீங்கள் இருவரும் கைபேசியை எடுத்து, அதற்கு என்னென்ன விதிகள் உண்டு என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினீர்கள். பதிவு செய்ய வேண்டும். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். சமைக்கிறவருக்கு நோய் இருக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் நான், "ஆள் திரும்பி வரணும்னு ஒண்ணு போடலையா?" என்று கேட்டேன். முகில், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "யாருப்பா திரும்பி வரணும்? ஊறுகாயா?" என்றாய்.  எனக்கு வாயால் சொன்னால் முன்னும் பின்னுமாகப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் கயல் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோலார் தங்கவயலில், மண் அள்ளும் வண்டிகள் செய்யும் ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்தேன். ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்புப் பக்கம், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை. எதிர்வீட்டில் இருந்தவரைத்தான் சொல்லப்போகிறேன். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினாலும் அந்த லைனில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் பில்லைக்காரர்தான்.

பில்லை என்றால் உங்களுக்குப் புரியாது. தங்கச் சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை வட்டு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்கு அடியில் போவார்கள். வேலை முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததைப் பலகையில் அந்தந்த நம்பர் ஆணியில் மாட்டுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்க வாசலில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பில்லையைக் கொடுத்து வாங்கி மாட்டுவதுதான் அவருடைய வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஜன்னல்தான். அவர் ஒருமுறைகூடக் கீழே போனதில்லை. லைனில் குடித்துவிட்டு வருகிறவர்கள் அதைச் சொல்லித்தான் வம்பிழுப்பார்கள். "இன்னா பில்லை, கேஜு இன்னா கலர்னாவது தெரியுமா உனுக்கு?" என்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். "நீ ஏறச்சொல்லயும் உன் மூஞ்சியத்தான் பாத்தேன். எறங்கச்சொல்லயும் உன் மூஞ்சியத்தான் பாத்தேன், அதான் கேஜு கலர் தெரில" என்பார்.

சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்த காலம் அது. அவரும் கணக்கு முடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மகள் பெங்களூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போவார். அந்தச் சம்பளம் வீட்டுக்கே போதாது. மகளின் படிப்பை நிறுத்தக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அடுக்களைக்குள் நுழைந்தார். காலையில் புளிசாதம், தக்காளி சாதம், தயிர்சாதம், கத்திரிக்காய் கொத்சு. ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவரவர் டப்பாவைக் கொண்டுவந்தால் நிரப்பிக் கொடுப்பார். ஆம்பளை சமைக்கிறான் என்று முதலில் சிரித்தவர்கள்தான் பிறகு வரிசையில் முன்னால் நின்றார்கள். அவர் கொத்சு அப்படி இருக்கும்.

நான் முதல்நாள் போனபோது டப்பாவை நிரப்பி மூடி, துணியால் துடைத்து, அதன் மேல் ஒரு சின்னத் தகர வட்டை வைத்தார். எண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் புள்ளி புள்ளியாக நம்பர் குத்தியது. நாற்பத்திரண்டு.

"இது இன்னாண்ணா? சாப்பாட்டுக்கா?"

"சாப்பாட்டுக்கு இல்ல தம்பி. உனுக்கு. நாளைக்குக் காலைல கொண்டாந்து குடுக்கணும்."

"டப்பா என்னுதுதானே? உங்க பாத்திரம் எதுவும் எங்கிட்ட இல்லியே?"

"டப்பா உன்னுது. வயிறும் உன்னுது. உள்ள போனது என்னுதாச்சே. அது உன்ன இன்னா பண்ணுச்சின்னு எனுக்குத் தெரிய வாணாமா?"

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள். நான் வட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் பக்கவாட்டுக் கதவண்டை போய் நின்றேன். கதவை ஒட்டிய சுவரில் வரிசையாக ஆணி அடித்திருந்தார். ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் சுண்ணாம்பில் நம்பர். பில்லையை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"நம்பரைச் சொல்லு."

"நாப்பத்திரண்டு."

"அப்பால?"

"அப்பால இன்னா?"

"மேலே வந்தாச்சின்னு சொல்லணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். அதற்குப் பிறகுதான் வாங்கினார். வாங்கியதும் விடவில்லை, முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "வயிறு எப்பிடி? காலைல ஒருவாட்டிதானே போன?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வரிசையில் டீச்சர் வேலைக்குப் போகும் ஓர் அம்மா நின்றிருந்தார். என்னோடு வேலை செய்த டேவிட்டு, "பொண்ணு பாக்கப் போனாக்கூட இம்மாங்கேள்வி கேக்க மாட்டாங்கடா" என்றான். அவனையும் அதேபோலக் கேட்டார். அவன் மூன்றுவாட்டி என்று சொல்லிவிட்டான், கிண்டலுக்கு. அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு கிடையாது. கஞ்சிதான் குடிக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார். டேவிட்டு கெஞ்சியும் பலிக்கவில்லை.

அவருக்கு வேறு விதிகளும் இருந்தன. மனைவிக்குச் சளி பிடித்தால் அன்றைக்கு அடுப்பு கிடையாது. அவர் விரலில் அரிவாள்மணை பட்டால் காயம் ஆறும்வரை கிடையாது. பேத்தமங்களா ஏரியிலிருந்து வரும் தண்ணீர் மழைக்காலத்தில் டீத்தண்ணி நிறத்தில் வரும். அந்த நாட்களில் கதவைச் சாத்திவிடுவார். காய்ச்சிக்கொள்ளலாமே என்றால், "காய்ச்சினா கலர் பூடுமா?" என்பார். இதெல்லாம் உங்கள் கைபேசி விதிகளிலும் ஏறக்குறைய இருக்கிறது. பில்லை மட்டும்தான் இல்லை.

ஒருமுறை ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பெரிய ஆள் ஒருவர் காரில் வந்தார். வீட்டில் விசேஷம், ஊரே வரும், நீயே சமைத்துக் கொடு என்றார். கிடைத்திருந்தால் மகளின் ஒரு வருஷப் படிப்புக்கு ஆகியிருக்கும். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முடியாது என்றார்.

"ஏம்பா, ஆளு வேணும்னா நான் அனுப்பறேன்."

"சமைக்க ஆள் வாணாம் சார். துன்னுட்டுப் போனவங்க அத்தினி பேரையும் மறுநாள் காலைல நான் எங்க போய்ப் பாக்குறது?"

அந்த மனிதர் இவரைப் பார்த்தார், டப்பாவோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார், காரில் ஏறிப் போய்விட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி சொன்னது தெருவுக்கே கேட்டது. "இந்த மனுசன் இன்னும் அந்த ஜன்னலவுட்டு வூட்டுக்கே வர்ல! பொண்ணு படிச்சி முடிச்சி நர்ஸாயி, மொதல்ல இவருக்கு ஊசி போடட்டும்!"

ஏன் இப்படி என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. வேலை பழக்கம் என்று லைனில் சொன்னார்கள். பழக்கம் என்றால் பில்லை கொடுப்பதோடு நின்றிருக்க வேண்டும். அவர் முகத்தை அப்படிப் பார்ப்பது பழக்கத்தில் வருவதில்லை. ஒருநாள் நேராகவே கேட்டேன். "கொத்சுல உப்பு பாரு" என்று கரண்டியை நீட்டினார்.

பிறகு ஒரு வாரம் எங்கள் லைனுக்குப் பின்லைனில் பல பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. சில குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யாரோ எழுதிப் போட்டு, சுகாதார ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், மரியாதையான மனிதர். வீட்டில் சமைத்து விற்பவர்கள் எங்கள் பக்கத்தில் மூன்று வீடு. இட்லி விற்கும் அக்கா, "நான் எங்க சார் விக்கிறேன், சொந்தக்காரங்களுக்குக் குடுக்கிறேன்" என்றாள். சாயங்காலம் சில்லி சிக்கன் போடுகிற வீட்டில் அடுப்பே இல்லாத மாதிரி காட்டிவிட்டார்கள். நோய் கண்டவர்களும் எங்கே வாங்கினோம் என்று வாயைத் திறக்கவில்லை. நாளைக்கும் அங்கேதானே வாங்க வேண்டும்.

மூன்றாவதாக இவரிடம் வந்தார். அடுக்களையைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தைத் திறந்து பார்த்தார். திருப்தியாகத்தான் இருந்தது அவருக்கு. சுவரில் இருந்த ஆணிகளைப் பார்த்து, "ஏன்ப்பா, இது ஏனு, என்ன இது?" என்றார். இவர் விளக்கினார்.

"ஹௌதா, அப்படியா? அப்போ உன் கஸ்டமர் எல்லாம் சௌக்கியம், அப்படித்தானே?"

இன்ஸ்பெக்டர் போகத் தயாராகிவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இவர் சுவரைக் காட்டினார். பின்லைனில் நோய் என்று அன்றைக்கு அவர் சமைக்கவில்லை; எல்லா ஆணியிலும் பில்லை தொங்கியது, பதினேழாம் நம்பர் மட்டும் காலி.

"ஒருத்தர் வர்ல சார். சனிக்கிழமை வாங்கினு போனவன். அவன் வர்றவரைக்கும் என் சாப்பாடு நல்ல சாப்பாடுன்னு நான் சொல்ல முடியாது."

இன்ஸ்பெக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நீயே இப்படிச் சொன்னா நான் எப்படிப்பா விட்டுட்டுப் போறது? எழுதிக்கணுமே" என்று வருத்தமாகச் சொன்னார். அந்த ஆள் நல்லபடியாக இருக்கிறான் என்று தெரியும்வரை விற்கக் கூடாது, தெரியாவிட்டால் அடுக்களையை மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மத்தவங்கல்லாம் வாயில கொழுக்கட்டையா வச்சினு இருந்தாங்க? உனுக்கு மட்டும் இன்னா வந்துச்சு? பொண்ணுக்கு இன்னா பதில் சொல்லுவ?" இவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். காலி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழாம் நம்பர் முனிராஜு. டயர் பஞ்சர் கடையில் வேலை செய்தவன், பூதிகோட்டைக்காரன். கடையில் கேட்டபோது, ராகி அறுப்புக்கு ஊருக்குப் போனவன் சொல்லாமல் கொள்ளாமல் அங்கேயே இருந்துவிட்டான் என்றார்கள். நல்லபடியாக இருக்கிறானா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கு மறுநாள் வார லீவு. "நீங்க இருங்கண்ணா, இன்ஸ்பெக்டர் வந்தாலும் வருவாரு. நான் போய்ட்டு வரேன்" என்று பஸ் ஏறினேன்.

முனிராஜு கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். களத்தில் ராகித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் பில்லை என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினான். ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பதினேழாம் நம்பர் தொங்கியது. அக்கா குழந்தை அழகாக இருக்கிறது என்று கட்டிவிட்டதாம். கயிற்றை அறுத்துக் கொடுத்தான். "அண்ணாகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. அறுப்பு முடிஞ்சதும் வரேன்" என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் ஜெயித்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

அவர் கதவண்டையே நின்றிருந்தார். நான் பில்லையை எடுத்து நீட்டினேன்.

"பதினேழு வந்தாச்சுண்ணா! ஆளு ஜம்முன்னு இருக்கான்!"

அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"அவன் எங்க?"

"ஊர்ல. அறுப்பு முடிஞ்சு வருவான். அதான் பில்லை வந்திடுச்சே?"

அவர் கை பின்னால் போய்விட்டது. பில்லை சுடுகிறதோ என்னவோ என்பது போல ஒரு அடி நகர்ந்தார். "வாணாம் தம்பி. ஒருத்தன் பில்லைய இன்னொருத்தன் கைலேந்து நான் வாங்க மாட்டேன்" என்றார்.  அவர் மனைவி திட்ட வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். உள்ளே போய்ச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். "போய்ட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் ஃபேக்டரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நானும் கூடப் போனேன். எனக்கு இது என்ன விஷயம் என்று தெரிந்தாக வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

"ஒருநாள் சாயங்காலம். நல்ல மழை. கேஜு கேஜா ஆளுங்க மேலே வந்துகினு இருந்தாங்க. அல்லாருக்கும் வூட்டுக்குப் போற அவசரம். ஒருத்தன் ரெண்டு பில்லைய நீட்னான். ‘அவன் அடுத்த கேஜுல வரான்ணா, பில்லைய எங்கிட்ட குட்த்துட்டான், சேர்த்து மாட்டிக்க'ன்னான். தெரிஞ்ச பையன். மாட்டிட்டேன். அந்த இன்னொருத்தன் சோத்து டப்பாவ மறந்துட்டேன்னு எடுக்கத் திரும்பிப் போயிக்கிறான் தம்பி. போன எடத்துல மேலேந்து கல்லு சரிஞ்சு வழி அடைச்சுபோச்சு. லைட்டும் போச்சு."

"அப்பால?"

"அப்பால இன்னா. பலகை ரொம்பி இருந்துச்சு. அல்லா ஆணியிலயும் பில்லை. யாரு போய்த் தேடுவாங்க? நான் அதைப் பாத்துட்டு சந்தோசமா வூட்டுக்குப் போய் சாப்ட்டுட்டுப் படுத்துட்டேன். காலை ஷிப்டு ஆளுங்கதான் சத்தம் கேட்டு எடுத்தாங்க. உசுரோடதான் இருந்தான். கை ஒண்ணுதான் போச்சு. நான் வேலைக்கு வரச்சொல்ல, ஸ்ட்ரெச்சர்ல என் ஜன்னல் பக்கமா தூக்கினு போறாங்க. என்னைப் பாத்து, ‘நீ என்னத் தேடலியாண்ணா?'ன்னு கேட்டான்."

கண்டக்டர் வந்ததும் இரண்டு டிக்கெட்டுக்கும் அவரே காசை எடுத்துக் கொடுத்தார்.

"கோவமா கேட்டிருந்தா பரவால்ல தம்பி. அவன் கோவமா கேக்கல. தெரிஞ்சுக்கணும்னு கேட்டான்."

பூதிகோட்டையில் இறங்கிக் களத்துக்குப் போனோம். முனிராஜு எங்களைப் பார்த்துப் பயந்தே போனான். இவர் சொல்ல, நான் பில்லையை அவன் கையில் வைத்தேன். "இப்ப குடு" என்றார். அவன் ஒன்றும் புரியாமல் கொடுக்கப் போனான். இவர் கை நீட்டாமல் நின்றார். பிறகு அவனுக்கே நினைவு வந்து, தலையில் ராகித்தூசியோடு நேராக நின்று, "பதினேழு, மேலே வந்தாச்சு" என்றான். களத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவன் கண்ணையும் முகத்தையும் பார்த்தார், வயிற்றைப் பற்றிக் கேட்டார், அதற்கப்புறம்தான் பில்லையை வாங்கி மேல்சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது முனிராஜுவையும் கூட்டிக்கொண்டு நேரே சுகாதார ஆபீசுக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் முனிராஜுவை மேலும் கீழும் பார்த்தார். இவனுக்கு வாந்தி வந்தால் ஊரே அதிரும் என்று நினைத்திருப்பார். எழுதியதை அடித்துவிட்டு, "சரிப்பா, நீ வியாபாரம் பண்ணு. ஆனா உன்னோட இந்த ரூலு எங்க புஸ்தகத்துல இல்ல" என்றார்.

"போட்டுக்குங்க சார்" என்றார் இவர்.

பின்லைனில் நோய் எதனால் வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் எதிர்வீட்டு அடுப்பு எரிந்தது. மகள் படித்து முடித்தாள். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலையும் கிடைத்தது.

சுரங்கத்தை மூடின வருஷம், அவர்களும் மகளோடு போய்விட முடிவு செய்தார்கள். லைனில் அப்போது வாரம் ஒரு வீடாவது காலியாகிக்கொண்டிருந்தது. கிளம்பும் முந்தின நாள் மத்தியானம் எல்லோர் வீட்டிலிருந்தும் டப்பா கொண்டுவரச் சொல்லிப் புளிசாதமும் கொத்சும் கொடுத்தார். நான் பில்லைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். தரவில்லை.

"இது விக்கிறது இல்ல தம்பி. குடுக்கிறது. இதுக்கு வாணாம்."

பில்லைகள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு முடிந்து வைத்திருந்தார். அதைக் கூட எடுத்துப்போவதா என்று அவர் மனைவி சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு ராத்திரி ஷிப்டு. சாப்பாட்டை ஃபேக்டரியில் சாப்பிட்டேன். விற்றதற்கு ஒரு விதி, கொடுத்ததற்கு வேறு விதியா, வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா, அவரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் நான் வந்தபோது அவர்கள் சாமான் ஏற்றிய லாரி போய்விட்டது. வாசலில் வைக்கோல் சிதறிக் கிடந்தது. பக்கவாட்டுக் கதவில் பூட்டு. சுவரில் ஆணிகள் அப்படியே இருந்தன, சுண்ணாம்பு நம்பரும் அழியவில்லை. தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். நாற்பத்திரண்டாம் ஆணிக்கு எதிரில் நின்றேன்.

"நாப்பத்திரண்டு, மேலே வந்தாச்சு. வயிறு நல்லா இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கழுவ வீட்டுக்குப் போனேன்.